கிட்டார் கழுத்தின் மறு ஓரம்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா சொல்ல, மகள் எழுதுகிறாள். இங்கே இருவரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. இறங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. உங்கள் உடம்பு எப்படி? சலவை ஆலையில் வேலை கடுமையா, பரவாயில்லையா?

நெட்டையின் லாரி நேற்று மதியம் வந்தது. சத்தம் கேட்டதுமே மகள் பாட்டு வகுப்பைப் பாதியில் விட்டு வாசலுக்கு ஓடினாள். லாரியில் நீங்களும் வருவதாகத்தானே போன கடிதத்தில் இருந்தது. நெட்டை கிட்டார் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை.

"லீவு கிடைக்கலையாம், அக்கா. கிட்டாரு மட்டும்தான் வந்திருக்கு" என்றான்.

"கிட்டாருக்கு மட்டும் லீவு கொடுத்தாங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். (இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றேன். அப்பா கேட்கவில்லை.)

நீங்கள் போய் மூன்று வருஷம். வருகிறேன் என்று சொல்லி வராமல் போனது இதோடு மூன்று முறை. நீங்களும் மகளும் சேர்ந்து எழுதிய போர்டு வாசலில் அப்படியே தொங்குகிறது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் கிட்டார் என்று தெரியும். வலது பக்கத்தைக் காட்டித்தான் பலரும் விசாரிக்கிறார்கள். "அவர் வந்ததும்" என்று மகள் பதில் சொல்கிறாள்.

நெட்டையிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். "அவருக்கென்ன" என்றான். மறுபடி கேட்டேன். "அவருக்கென்ன" என்றான். டீயைக் கொடுத்துக் கேட்டாலும் அதே பதில். வாய் ஓயாமல் பேசுகிறவன், ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

சரி, கிட்டாருக்கு வருகிறேன். மேல்பலகையில், கம்பிகள் கட்டும் கட்டைக்குக் கீழிருந்து விளிம்பு வரை ஒரு சாண் விரிசல். நகம் நுழைகிறது. மர ரேகையோடு போயிருக்கிறது, குறுக்கே எங்கும் உடையவில்லை. விழுந்திருந்தால் குறுக்கே பிளந்திருக்கும். இது காய்ந்து பிளந்தது. நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்தவனுக்கு அது தெரியும். தெரியாதது வேறு. இதை எங்கே வைத்திருந்தீர்கள், சுவரிலா பெட்டியிலா? வெயில் எந்தப் பக்கம்? அறைக்குக் கீழே என்ன இருக்கிறது? ஒன்று விடாமல் எழுதுங்கள். கிட்டாருக்கு இதுவரை நான் வைத்தியம் பார்த்ததில்லை. அதனால்தான் கை பரபரக்கிறது.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 25

மாமாவுக்கு வணக்கம். இதை வாசித்துக் காட்டும் பாட்டு டீச்சருக்கும் சேர்த்துத்தான்.

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று தெரிந்து நிம்மதி. முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடுங்கள், படிகளைக் கொஞ்சம் மன்னித்துவிடுங்கள்.

உங்கள் விசாரணைக்கு வரிசையாகப் பதில். கிட்டார் சுவரில், ஆணியில் மாட்டியிருந்தது. அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், வெயில் வராது. ஆனால் எங்கள் விடுதி அறை துணி உலர்த்தும் கூடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் ஓயாமல் கீழே காய்கின்றன. அறைத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. துணியோடு துணியாக நானும் கிட்டாரும் காய்ந்திருக்கிறோம்.

இங்கே கடையில் காட்டினேன். "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார். புதிது எனக்கு வேண்டாம். இதுதான் வேண்டும். விரிசலை மட்டும் பாருங்கள் மாமா. மற்றது எதையும் தொட வேண்டாம், எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

என்னை இப்போது லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, லேசு. ஜூனுக்குள் வரப் பார்க்கிறேன். டீச்சர் கோபப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மகள் எழுத, மாமா சொல்வது. ஒத்தடம் கொடுத்ததில் முழங்கால் கொஞ்சம் பணிந்திருக்கிறது. உங்களுக்குச் சளி, இருமல் ஏதும் இல்லையே?

கிட்டாருக்கு இன்னும் பசை வைக்கவில்லை. ஒரு சோப்பு டப்பாவில் ஊசியால் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, அதைக் கிட்டாரின் வயிற்றுக்குள் விட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். மகளுக்குப் பொறுமை இல்லை. "பசையை ஊத்தி ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது. எதுக்குப்பா அதுக்குத் தண்ணி காட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள்.

"தாகத்துல வாயைத் திறந்திருக்கிறவனுக்கு வாயைத் தைக்கச் சொல்றியா?"

முதல் வாரம் நகம் நுழைந்தது. இரண்டாவது வாரம் தபால்தலை. நேற்று ஒரு தலைமுடியை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. மரம் தானாகவே கூடிவிட்டது. இனிமேல்தான் பசை.

காத்திருக்கும் நேரத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று புரியவில்லை. வட்டத் துளைக்குக் கீழே கீறல் விழாமல் இருக்கக் கறுப்புத் தகடு ஒட்டியிருக்கிறது. அதன்மேல் பழைய கீறல்கள், நீங்கள் வாசித்தவை. நியாயம். ஆனால் துளைக்கு மேல் பக்கம், தகடே இல்லாத வெறும் மரத்தில், புதுக் கீறல்கள். நூற்றுக்கணக்கில். கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தால்தான் அங்கே கீறல் விழும்.

யாரோ இடதுகைக்காரர் உங்கள் கிட்டாரை வாசிக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷமாவது வாசித்திருக்கிறார். யார் அது? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

(யார்?)


மார்ச் 31

மாமாவுக்கு வணக்கம்.

நலம். சளி இல்லை, இருமல் இல்லை. மரத்துக்குத் தண்ணீர் காட்டிய கதையை விடுதியில் எல்லோருக்கும் சொன்னேன்.

உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என் அறையில் கூடத் தங்கியிருக்கும் இஸ்திரி மாஸ்டர் இடதுகைக்காரர். பெரிய மீசை வைத்தவர். வேலை முடிந்து பொழுதுபோக்குக்கு வாசிப்பார். அவ்வளவுதான்.

விரிசல் கூடிவிட்டது என்றதும் சந்தோஷம். முடிந்தவுடன் நெட்டையிடம் கொடுத்து அனுப்புங்கள். டீச்சரின் தொண்டை நலமா? கத்திப் பாடச் சொல்லித் தரும் நாட்களில் வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா. எல்லோரும் சுகம். உங்களுக்கும் உங்கள் இஸ்திரி மாஸ்டருக்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கிட்டார் முடிந்தது. வஜ்ஜிரப் பசையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துத் தேன் பதத்துக்கு இளக்கி, விரிசல்மேல் தடவி, உள்ளிருந்து விரலால் அழுத்தி அழுத்தி விட்டால் பசை தானாக இறங்கும். ஆனால் என் கை அந்தத் துளைக்குள் போகவில்லை. மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மகளைக் கூப்பிட்டேன். மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை விட்டாள். நான் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு வழி சொன்னேன்.

"இன்னும் உள்ளே. வலது பக்கம். கொஞ்சம் மேலே."

"எனக்கு ரெண்டு முழங்கையா இருக்கு? இதுக்கு மேல எப்படி வளைக்கிறது?"

"பசை இறுகுது, பாப்பா. வாயைக் குறைச்சுக் கையை நீட்டு."

விரிசலுக்கு அடியில் பொத்தான் அளவு மரத்துண்டுகள் நாலு, ரேகை குறுக்காக இருக்கும்படி ஒட்டினோம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தங்களை உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக வைத்துப் பிடிக்க வைத்தேன். நாலாவது துண்டு வைக்கும்போது அவள் கை மாட்டிக்கொண்டது. கால் மணி நேரம் கிட்டாரைக் கையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். சோப்புத் தண்ணீர் போட்டு வெளியே எடுத்தோம். (மாணவிகள் பார்த்துவிட்டார்கள். இனி எனக்கு மரியாதை கிடையாது.)

இன்னொரு விஷயம். தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டில் ஆறு வெட்டுகள் தலைகீழாக இருந்தன. தடித்த கம்பிக்கான அகல வெட்டு, மெல்லிய கம்பி வர வேண்டிய இடத்தில். அந்த மீசைக்காரர் தன் வசதிக்கு மாற்றிவைத்திருக்கிறார். இரவல் வாங்கியவர் வீட்டுக்காரரின் கதவையே திருப்பி மாட்டுவதா? எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று நீலக் கட்டம் போட்ட சட்டை, மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசித்தீர்கள். தடித்த கம்பி உங்கள் முகத்துக்குப் பக்கம் இருந்தது, மெல்லியது தொடைப் பக்கம். எனக்கு மறக்குமா? ஒரு பழைய சீப்பின் எலும்புப் பிடியை அறுத்துப் புதுத் துண்டு செய்து, கம்பிகளையும் பழைய வரிசையில் மாட்டிவிட்டேன். தொட வேண்டாம் என்றீர்கள். இது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் தொட்டேன்.

நெட்டை நாளை எடுத்து வருகிறான்.

இப்படிக்கு,
மாமா


மே 27

மாமாவுக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆலையில் வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கிட்டார் பத்திரமாக வந்தது. விரிசல் இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். யார் செய்தது என்று மூன்று முறை கேட்டார்.

ஒரு சின்ன உதவி. அந்தப் பழைய எலும்புத் துண்டு இருக்கிறதா? எறிந்துவிடவில்லையென்றால் உறையில் வைத்து அனுப்ப முடியுமா? அவசரம் என்று இல்லை. ஆனால் சீக்கிரம் கிடைத்தால் நல்லது.

ஜூனில் வருவது கஷ்டம் போலிருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 3

உங்களுக்கு,

இந்தக் கடிதம் அப்பா சொல்லி எழுதுவது இல்லை. அவர் நலம். ஆணி டப்பாவில் தேடி அந்த எலும்புத் துண்டை எடுத்துக் கொடுத்தார், இதோடு இருக்கிறது. எடுத்தவர் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "அவன் வசதிக்கு மாத்தினதை நான் சரி பண்ணிக் கொடுத்தேன். இவர் எதுக்கு மறுபடியும் அதைக் கேட்கிறார்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கிட்டாரை யாரும் தொட விடமாட்டீர்கள். நானே துடைக்க எடுத்தால்கூடப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். அதன் கம்பிகளையே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு உரிமை உள்ள அந்த இடதுகைக்காரர் ஆணா, பெண்ணா? மீசை இருக்கிறது என்று நான் கேட்காமலே ஏன் எழுதினீர்கள்?

போர்டில் உங்கள் பாதியை அழித்துவிடவா? பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது பார்த்துக்கொள்கிறார்களோ என்னவோ.

நான்


ஜூன் 21

மாப்பிள்ளைக்கு,

மாமா சொல்வது. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். எழுதுவது தெருமுனைக் கடிகாரக்காரர். முப்பது வருஷப் பழக்கம். வாயைத் திறந்தால் அவர் கடையிலுள்ள அத்தனை கடிகாரத்தையும் நானே நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். (எழுதிவிட்டேன். இந்த மிரட்டல் எல்லாம் என்னிடம் நடக்காது.) மகளுக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவள் உடம்புக்குச் சுகம், மனதுக்கு இல்லை. உங்களிடமிருந்து அவளுக்குப் பதிலே வரவில்லை. வகுப்பு முடிந்ததும் போய்ப் போர்டுக்கு எதிரில் நிற்கிறாள்.

கிட்டார் இப்போது என்னிடம் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் மடியில் வந்து படுக்கிறது. நேற்று இந்தக் கடையில் உட்கார்ந்து அதன் கழுத்தை மனதுக்குள் தடவிக்கொண்டு வந்தேன். மெல்லிய கம்பியின் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள், சாய்கோடு சாய்கோடாக, அழுக்கேறிக் கறுத்தவை. அது உங்கள் மோதிரம் பட்டது. கல்யாணத்துக்கு நான் செய்யச் சொன்ன முறுக்கு மோதிரம், இரண்டும் ஒரே ஜோடி. மகள் கிட்டாருக்குள் கையை விடும்போது தன் மோதிரத்தை என் கையில் கொடுத்தாளே, அரை மணி நேரம் அதை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன். அந்த முறுக்கின் சாய்வு எனக்குத் தெரியும்.

அதே சாய்கோடுகள் கழுத்தின் மறு ஓரத்திலும் இருந்தன. தடித்த கம்பிப் பக்கம். அழுக்கேறாமல், வெளுத்த மரம் தெரிய. கையில் கிட்டார் இருந்தபோது பார்த்தேன், யோசிக்கவில்லை.

அந்த இடதுகைக்காரர் விரலில் உங்கள் மோதிரம் இருக்கிறது.

அப்படியானால் இரண்டில் ஒன்று. மோதிரத்தை யாருக்கோ போட்டுவிட்டீர்கள். அல்லது அது உங்கள் விரலிலேயே இருக்கிறது, ஆனால் கை மாறிவிட்டது. முதலாவது என்றால் சொல்லுங்கள், முழங்காலைப் பார்க்காமல் ரயில் ஏறி வந்து உங்கள் காலை உடைக்கிறேன். இரண்டாவது என்றால், போன வருஷம் அனுப்பிய போட்டோவில் உங்கள் இடது கை கால்சட்டைப் பையில் இருந்தது. அந்தக் கைக்கு என்ன?

பதிலைக் கடிகாரக்கடை விலாசத்துக்குப் போடுங்கள்.

மாமா


ஜூலை 6

மாமாவுக்கு,

கால் தப்பித்தது. இரண்டாவதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், நவம்பரில். துணி தேய்க்கும் பெரிய உருளைக்குள் விரிப்பு போகும்போது மடிப்பு விழுந்தது. மடிப்பை எடுக்கக் கையை நீட்டினேன். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. வேலை நேரத்தில் மோதிரம் என் பெட்டியில் இருக்கும், அதனால் அது தப்பித்தது. வலது கை நன்றாக இருப்பதால் என் கையெழுத்து மாறவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உங்களைத் தவிர.

கட்டுப் பிரித்ததும் எழுதலாம் என்றிருந்தேன். கட்டுப் பிரித்தார்கள், கையைப் பார்த்தேன், எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் விரல் போனதை விட, அதைச் சொல்லாமல் விட்டதே பெரிதாகிக்கொண்டு போனது. டீச்சர் அழுதால் தாங்குவேன் மாமா. அவள் அழமாட்டாள். "அதனால என்ன, நான் பாட்டுச் சொல்லித் தர்றேன், நீங்க சும்மா உட்காருங்க" என்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அதனால்தான் கையை மாற்றிப் பழகுகிறேன். வலது கையால் கம்பியை அழுத்துகிறேன். மிச்சமிருக்கும் விரல்களால் இடது கையில் மீட்டுகிறேன். மீசைக்காரர் என்று யாரும் இல்லை. நீங்கள் கம்பியைத் திருப்பி அனுப்பியதும் ஏழு வாரம் வாசிக்க முடியவில்லை. ஏன் என்று எழுதவும் முடியவில்லை. எழுதினால் வாசிப்பது அவள்தானே. ஜூன் மாதம் அவள் கேட்டதற்கு எட்டுப் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

இப்போது ஏழு பாட்டு வாசிப்பேன், மெதுவாக. இருபது ஆனதும் வந்துவிடுகிறேன். அதுவரை வாயைத் திறக்காதீர்கள் மாமா. கெஞ்சிக் கேட்கிறேன். கடிகாரக்காரருக்கு என் வணக்கம்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 18

மாப்பிள்ளைக்கு,

மாமா சொல்ல, மகள் எழுதுகிறாள். சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எழுத உட்காரும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். "நான் சொல்றதை அப்படியே எழுது. நடுவுல கேள்வி கேட்கக் கூடாது. பேனாவைக் கீழ வைக்கக் கூடாது."

"என்னப்பா இது புதுச் சட்டம்?"

அதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

மாப்பிள்ளை, வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டீர்கள். இரண்டு நாள் உங்களைத் திட்டினேன், மூன்று நாள் உங்களுக்காக வருந்தினேன், இன்று திறக்கிறேன். நீங்கள் இருபது பாட்டு எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே இவள் ஒரு டப்பா பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டாள். நேரே சொல்லத்தான் பார்த்தேன். மூன்று நாள் முயற்சி. முகத்தைப் பார்த்தால் வார்த்தை வரவில்லை. கடிதம் சொல்லும்போது அவள் தாளைப் பார்ப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். அதனால் இப்படி.

உங்கள் அறையில் இஸ்திரி மாஸ்டர் யாரும் இல்லை. அந்த இடதுகைக்காரர் நீங்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் துணி உருளையில் உங்கள் இடது கை மாட்டிக்கொண்டது. அதில் இரண்டு விரல்

பேனா நின்றுவிட்டது. எழுது, பாப்பா.

இரண்டு விரல் போய்விட்டது. நடுவிரல், மோதிர விரல். அதனால்தான் மோதிரம் வலது கைக்கு வந்தது. அதனால்தான் கம்பிகள் தலைகீழானது. அதைச் சரி செய்கிறேன் என்று நான் கெடுத்தேன். அதனால்தான் நீங்கள் வீட்டுக்கு

இனி நான் எழுதுகிறேன். அப்பா எழுந்து ஜன்னலோரம் போய்விட்டார்.

மற்ற விரல்களுக்கு உணர்ச்சி இருக்கிறதா? குளிரில் வலிக்குமா? சட்டைப் பொத்தான் எப்படிப் போடுகிறீர்கள்? ஆஸ்பத்திரியில் பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லையா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. அப்புறம் கேட்பேன், நிறையக் கேட்பேன்.

மார்ச் மாதத்திலிருந்து நான் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன், தெரியுமா? அவளுக்கு உயரம் கொடுத்தேன், நிறம் கொடுத்தேன். இடது கையால் தலை வாருவாள். உங்கள் கிட்டாரைத் திருப்பி மடியில் வைத்துக்கொள்வாள். அவள் பாடுவதுகூட எனக்குக் கேட்டது, கொஞ்சம் சுருதி விலகித்தான் பாடுவாள். அவளை இப்போதுதான் வீட்டைவிட்டு அனுப்பினேன்.

இதற்குப் பதில் போடாதீர்கள். பதில் வருவதற்குள் நான் அங்கே வந்துவிடுவேன்.

நான்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வாசித்துக் காட்டும் கடிகாரக்கார மாமாவுக்கும் வணக்கம். மெதுவாக வாசியுங்கள், நடுவில் உங்கள் கருத்தைச் சேர்க்காதீர்கள்.

நான் நலமாக வந்து சேர்ந்தேன் அப்பா. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? தினமும் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறீர்களா?

ஆலை வாசலில் போய் நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். நான் கையைக் கேட்கவில்லை. "கிட்டார் எங்கே? வாசிங்க, கேட்கணும்" என்றேன். அந்தச் சுடுகிற தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, துண்டை அவிழ்த்துவிட்டு வாசித்தார்.

பொய் சொல்ல மாட்டேன் அப்பா, சுமார்தான். விரல் மாறும்போதெல்லாம் பாட்டு நின்று நின்று வருகிறது. அவர் நின்ற இடத்தில் நானும் நின்றேன், கிளம்பினால் கிளம்பினேன். ஒரு பாட்டு முடிக்க இரண்டு பாட்டு நேரம் ஆனது. "நீ எதுக்கு எனக்காக இழுத்துப் பாடுறே?" என்று கோபப்பட்டார். "உங்களுக்காக இல்லை, எனக்கும் அந்த இடத்துல மூச்சு வாங்கணும்" என்றேன். அது நிஜம்தான். வேகமாகப் பாடி அந்த இடத்தை நான் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம் சண்டை போட்டோம். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டோம். அதை எழுத மாட்டேன்.

இங்கே யாரும் அவர் கையைப் பார்ப்பதில்லை அப்பா. கூட வேலை செய்பவர்கள் பேசும்போது சுவரைப் பார்க்கிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள். நல்ல மனுஷர்கள்தான். நெட்டைகூட அப்படித்தானாம். இரண்டு வருஷமாக ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. "எங்க அப்பா அப்படி இல்லை. டீ குடிக்கிறதுக்கு முன்னாடியே கையை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்து நூறு கேள்வி கேட்பார்" என்றேன். அவர் எழுந்து கிட்டாரைச் சுவரில் மாட்டினார். அப்புறம், "நிஜமாவே கேட்பாரா?" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

வேலையிலிருந்து விடுவித்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிட்டார். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வண்டியில் வருகிறோம், நாங்கள் இருவரும் கிட்டாரும். அவர் வாசிப்பது ஏழு பாட்டுத்தான்.

உங்கள் பாப்பா


ஆகஸ்ட் 7

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் மகளுக்கும்,

மாமா சொல்ல, கடிகாரக்காரர் எழுதுகிறார். நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், இவர் கடையில் எந்த மணி சரி என்று தெரியாததால் சில நாள் இரண்டு முறை சாப்பிடுகிறேன். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று மகளின் கடிதத்தைக் கேட்டாலே தெரிகிறது.

கேட்பேன், மாப்பிள்ளை. கேட்காமல் எப்படி இருப்பது? இப்போதே சேர்த்து வைத்திருக்கிறேன். இல்லாத விரல் அரிக்கும் என்கிறார்களே, நிஜமா? அரித்தால் எங்கே சொறிவீர்கள்? டம்ளரை எந்தக் கையால் எடுக்கிறீர்கள்? தூக்கக் கலக்கத்தில் பழைய கை முந்திக்கொள்கிறதா? மீட்டுவதற்குச் சுண்டுவிரலும் உதவுமா, அல்லது சும்மா கூட வருகிறதா? முதல்முறை கிட்டாரைத் திருப்பி மடியில் வைத்தபோது எப்படி இருந்தது? கதவைக் கீல் மாற்றி மாட்டிவிட்டு முதல் முறை திறக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் தடுமாறும், அந்த மாதிரியா?

கடிகாரக்காரர் பேனாவை வைத்துவிட்டு, "மனுஷன் வந்து இறங்கட்டும், அப்புறம் விசாரணையை வைச்சுக்கோங்க" என்கிறார். வாசல்வரை பொறுக்க என்னால் முடியாது. பிளாட்பாரத்திலேயே ஆரம்பித்துவிடுவேன். கையைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

மூன்று பக்கம் எழுதிய மகள் ஒன்றை மட்டும் எழுத விட்டுவிட்டாள். கடிகாரக்காரரை நாலு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், எங்கேயும் இல்லை. அதனால் மற்றது எல்லாம் இருக்கட்டும், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்.

வண்டி எத்தனை மணிக்கு?

மாமா